கார்பைடின் மேல் வைரம்: வெற்றிட உலையில் மூன்று சுற்றுகள்

கோயம்புத்தூரில் பம்புகளுக்கான மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் வழியே திரவம் கசியாமல் தடுக்கும் அடைப்பு) செய்யும் பட்டறைக்காரர் ஒருவர், சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், மழுங்கிப்போன கார்பைடு (டங்ஸ்டன் கார்பைடு) டிப்புகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். சீலுக்குள் சுழலும் கார்பன் வளையங்களை லேத்தில் கடைவது அவருடைய தொழில். தொட்டால் பென்சில் முனைபோல விரலில் கறை ஒட்டும் அந்தக் கார்பன், வெட்டும்போது உப்புத்தாள் போல முனையைத் தேய்த்துவிடும். ஒரு ஷிப்டு முடிவதற்குள் வளையத்தின் அளவு விலகிவிடுகிறது என்றும், வைர முனை பதித்த டூல் ஆறு வேண்டும் என்றும் கேட்டார்.

வைர முனை என்று பொதுவாகச் சொன்னாலும் கடையில் கிடைப்பது ஒரே பொருள் அல்ல. நாங்கள் வழக்கமாகப் பதிக்கும் பிசிடி என்பது, வைரத் துகள்களைக் கோபால்ட்டுடன் சேர்த்து உயர் அழுத்தத்தில் இறுக்கி, கார்பைடு அடித்தட்டின் மேலேயே வளர்த்தெடுத்த வில்லை. அடியில் கார்பைடு இருப்பதால், சாதாரண சில்வர் பிரேசிங் கம்பியையும் ஆக்சைடை நீக்கும் ஃபிளக்ஸையும் வைத்து, இண்டக்‌ஷன் காயிலில் அரை நிமிடத்தில் ஒட்டிவிடலாம். ஆனால் கார்பனைக் கடைகிற வேலையில் துகள்களுக்கு இடையே இருக்கும் கோபால்ட் முதலில் அரிபட, துகள்கள் பிடி தளர்ந்து உதிரத் தொடங்கும். அதற்கு மாற்றாக, மீத்தேனையும் ஹைட்ரஜனையும் கொண்டு வாயு நிலையிலிருந்து படியவைத்து வளர்க்கும் சிவிடி வைரம் இருக்கிறது. அதில் கோபால்ட் கிடையாது, முழுக்க வைரம்தான். 0.5 மில்லிமீட்டர் தடிமனும் 3 மில்லிமீட்டர் பக்கமும் கொண்ட முக்கோண வில்லைகளாக லேசரில் வெட்டி விற்கிறார்கள். மின்சாரம் கடத்தாத பொருள் என்பதால் அதை மின்பொறியால் அறுக்கும் வயர் கட்டிங்கில் வெட்ட முடியாது. அடியில் கார்பைடும் கிடையாது என்பதால், வைரத்தையே நேராக உலோகத்தோடு பற்றவைக்க வேண்டும். காற்றில் ஃபிளக்ஸ் போட்டுச் செய்யும் முறை அங்கே கைகொடுக்காது.

நகை ஆசாரி பொடி வைத்து ஊதும்போது வெங்காரம் தடவுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடைக் கரைத்து விலக்கி, உருகிய பொடி ஓடுவதற்கு இடம் செய்து தருவது வெங்காரத்தின் வேலை. வைரத்தின் மேல் விலக்குவதற்கு ஆக்சைடு எதுவும் இல்லை, அது கரி. உருகிய வெள்ளிக்கும் செம்புக்கும் கரியின் மேல் பிடிப்பே கிடையாது என்பதால், எவ்வளவு வெங்காரம் போட்டாலும் அவை குமிழாகத் திரண்டு நிற்கும். பற்றாசில், அதாவது உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கலவையில், சிறிது டைட்டானியமோ குரோமியமோ கலந்தால், அது வைரத்தின் மேற்பரப்பிலுள்ள கரியோடு வினைபுரிந்து மிக மெல்லிய கார்பைடு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலத்தின் மேல்தான் வெள்ளியும் செம்பும் பரவும். சூடான டைட்டானியமோ கரியைத் தேடிப் போகும் முன்பே கண்ணில் படும் ஆக்சிஜனையெல்லாம் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. வைரமும் காற்றில் 600, 700 டிகிரி அளவிலேயே எரியத் தொடங்கும். இந்த இரண்டையும் காப்பாற்றத்தான் வெற்றிட உலை தேவைப்படுகிறது.

என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய சிறிய உலை. மாலிப்டினம் ஹீட்டரும் மாலிப்டினம் தகட்டு மறைப்புகளும் கொண்டது; அறையின் கொள்ளளவு சுமார் 60 லிட்டர்; முதற்கட்டக் காற்றை இழுக்க ரோட்டரி பம்பும், அதற்கு மேல் உயர் வெற்றிடத்துக்கு டிஃப்யூஷன் பம்பும் உண்டு. பற்றாசாக வெள்ளி 63, செம்பு 35.25, டைட்டானியம் 1.75 சதவீதம் கொண்ட, 50 மைக்ரான் தடிமனுள்ள தகட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது 780 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கி 815இல் முழுதும் உருகிவிடும். 4.5 சதவீத டைட்டானியம் கொண்ட தகடும் கிடைக்கிறது. அது முழுதும் உருக 900 டிகிரி வேண்டும். வைரத்தை எவ்வளவு குறைவாகச் சூடாக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எண்ணி முதலாவதையே எடுத்தேன்.

முதல் சுற்றில் கார்பைடு துண்டுகளில் குழி அரைத்து, அசிட்டோனில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, தகட்டை வெட்டி வைத்து, அதன் மேல் வில்லையை வைத்து, சிறு எடைகளால் அழுத்தி உலைக்குள் ஏற்றினேன். அழுத்தமானி 0.00001 மில்லிபாரைக் காட்டியது. கையேடு கேட்பதும் அந்த அளவுதான். 840 டிகிரிக்கு ஏற்றி, 10 நிமிடம் நிறுத்தி, இரவு முழுதும் ஆறவிட்டேன். மறுநாள் கதவைத் திறந்தபோது ஆறில் நான்கு வில்லைகள் நகத்தால் தள்ளியவுடன் கழன்று வந்தன. பற்றாசு கார்பைடின் பக்கம் ஓரளவு ஒட்டியிருந்தது. வைரத்தின் பக்கம் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் போல உருண்டு, பளபளப்பில்லாத சாம்பல் நிறத் தோலோடு உறைந்திருந்தது. ஒட்டியிருந்த இரண்டும் உண்மையில் ஒட்டியவை அல்ல. குழியின் சுவருக்கு இடையே சிக்கிக்கொண்டவை.

தகடு விற்றவரைக் கேட்டபோது, டைட்டானியம் அதிகமுள்ள தகட்டுக்கு மாறிவிடும்படி சொன்னார். அப்படிச் செய்திருந்தால் ஒருவேளை ஒட்டியிருக்கும். ஆனால் 1.75 சதவீதம் ஏன் போதவில்லை என்று தெரியாமல் 4.5க்குத் தாவுவது, கூரை ஒழுகும் இடத்தில் பெரிய வாளியை வைப்பதைப் போலத்தான் எனக்குப் பட்டது. அதைவிட, உலைக்குள் ஓரமாகப் போட்டு வைத்திருந்த டைட்டானியம் சுருள்கள் எனக்கு ஒரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. மிச்ச ஆக்சிஜனை உறிஞ்சட்டும் என்று லேத்தில் கடைந்த சுருள்களை ஒரு தட்டில் வைப்பது என் வழக்கம். நல்ல வெற்றிடத்தில் அவை வெள்ளி நிறம் மாறாமல் வெளிவர வேண்டும். அன்றைக்கு அவை ஒரு பக்கம் பொன்னிறமாகவும் மறுபக்கம் நீலமாகவும் வந்திருந்தன. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் டைட்டானியத்தில் விட்டுச்செல்லும் நிறங்கள் இவை. அழுத்தமானி என்ன சொன்னாலும் உள்ளே காற்று வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சுவரிலும் தகடுகளிலும் படிந்திருக்கும் ஈரம் ஆவியாகி வருவதா, வெளியிலிருந்து காற்று கசிந்து வருவதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு உலையை வெறுமையாக 900 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் வறுத்து, பம்பு ஓட ஓடவே அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, பிறகு பம்புக்கும் அறைக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டு, அறையில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் குறித்தேன். ஈரம் காரணமாக இருந்தால் முதலில் வேகமாக ஏறிப் பிறகு தேங்கும். கசிவு இருந்தால் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். எனக்குக் கிடைத்தது ரூலர் வைத்துப் போட்டதைப் போன்ற நேர்கோடு: 10 நிமிடத்தில் 0.002 மில்லிபாரிலிருந்து 0.038 மில்லிபார். 60 லிட்டர் அறைக்கு இது வினாடிக்கு 0.0036 மில்லிபார்-லிட்டர் கசிவு.

அப்படியானால் அழுத்தமானி ஏன் நல்ல எண்ணைக் காட்டியது? இந்தக் கேள்விதான் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. விடை எளிய வகுத்தலில் இருந்தது. என் டிஃப்யூஷன் பம்பு, வழியிலுள்ள குழாயின் தடையையும் கழித்தால், வினாடிக்குச் சுமார் 400 லிட்டர் இழுக்கிறது. 0.0036ஐ 400ஆல் வகுத்தால் 0.000009 மில்லிபார் வருகிறது. அதாவது, கசிவு வழியே உள்ளே வரும் காற்றை அதே வேகத்தில் பம்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை, அழுத்தமானி குற்றம் எதையும் காட்டாது. அதிலும் அது பம்பின் வாயருகே பொருத்தப்பட்டிருக்கிறது. உள்ளே வரும் காற்று, வெளியே போகும் வழியில், சூடான டைட்டானியத்தைத் தாண்டித்தான் போகிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தபோது தலைகீழாக நின்றது என் நம்பிக்கை. 3 மில்லிமீட்டர் முக்கோணத்துக்கு வைக்கும் 50 மைக்ரான் தகட்டின் எடை ஏறத்தாழ 2 மில்லிகிராம், அதில் 1.75 சதவீதம் டைட்டானியம் என்றால் ஒரு வில்லைக்கு 0.03 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அந்தக் கசிவு, 840 டிகிரியில் நிறுத்திவைத்த 10 நிமிடத்தில் மட்டும் உள்ளே கொண்டுவந்த ஆக்சிஜன் சுமார் 0.6 மில்லிகிராம். ஆறு வில்லைகளிலும் இருந்த மொத்த டைட்டானியத்தைப் போல அது மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதியைப் பம்பு இழுத்திருக்கும், சுருள்கள் கொஞ்சம் பிடித்திருக்கும். மிச்சத்தில் ஒரு சிறு பங்கு போதும், வைரத்தோடு சேரவேண்டிய டைட்டானியம் உருகும் முன்பே ஆக்சைடாகிவிட. பற்றாசின் மேல் நான் பார்த்த சாம்பல் தோல் அதுதான்.

கசிவு இருக்கிறது என்று தெரிந்தபின், எங்கே என்று தேட ஒரு மாலை போயிற்று. உலை முழுதும் ஆறியிருக்க, அருகில் தீப்பொறி எதுவும் இல்லாமல், பிரானி மானி என்ற அழுத்தமானியைப் பார்த்தபடியே ஒவ்வொரு இணைப்பிலும் ஊசியால் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுக்கொண்டே வந்தேன். கசிவுள்ள இடத்தில் அசிட்டோன் ஆவி உள்ளே போனால் முள் துள்ளும். எல்லோரும் முதலில் சந்தேகப்படும் கதவின் ஓ-ரிங் நன்றாக இருந்தது. ஹீட்டருக்கு மின்சாரம் போகும் செம்புத் தண்டு சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் விட்டபோதுதான் முள் துள்ளியது. கழற்றிப் பார்த்தேன்: ஓ-ரிங் கருங்கல்லாக இறுகி, கீறல் விட்டிருந்தது. அது வெந்துபோனதற்குக் காரணம், தண்டுக்குள் ஓடும் குளிர்நீர்ப் பாதையில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு. போர்வெல் தண்ணீரை நேராக உலைக்கு விட்டதன் பலன். வீட்டில் வெந்நீர் கெய்சரில் இரண்டு வருடத்தில் படிவதைப் பார்த்திருந்தும் இங்கே அது நடக்கும் என்று தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொருக்கைக் கரைத்து, புதிய ஓ-ரிங் போட்டு, மென்னீர் சுற்றிவரும் தனித் தொட்டி வைத்தேன். மறுபடி வால்வை மூடிப் பார்த்தபோது, 10 நிமிடத்தில் 0.002லிருந்து 0.0025க்குத்தான் ஏறியது, கசிவு எழுபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

இரண்டாம் சுற்றில் நான்கு வில்லைகள்தான் ஏற்றினேன். பழைய கசிவு போய்விட்டது என்ற மகிழ்ச்சியில் இரண்டு புதிய தவறுகளைச் செய்தேன். முதல் சுற்றில் வைத்திருந்த எஃகு எடைகள் வழுக்கியதால், இம்முறை கிராஃபைட்டில் சிறு கட்டைகள் அறுத்து வில்லைகளின் மேல் வைத்தேன். டைட்டானியம் இப்போது முழு வலிமையோடு இருந்தது. வில்லையின் ஓரத்தில் பிதுங்கி மேலேறிய பற்றாசு, கிராஃபைட் கட்டையையும் வைரத்தோடு சேர்த்தே பிடித்துக்கொண்டது. வைரமும் கரி, கிராஃபைட்டும் கரி. விலை வித்தியாசம் டைட்டானியத்துக்குத் தெரியாது. பீங்கான் எடை வைக்கலாம் என்று உடனே தோன்றும். ஆனால் இவ்வகைப் பற்றாசு பீங்கானை உலோகத்தோடு ஒட்டவும் பயன்படுவது, ஆகவே அதுவும் தப்பாது. இப்போது போரான் நைட்ரைடு பூசிய, முனை குறுகிய பீங்கான் குச்சியால் வில்லையின் நடுவை மட்டும் அழுத்துகிறேன். தகட்டை வில்லையைவிடப் பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுகிறேன்.

இரண்டாவது தவறு வாடிக்கையாளர் ஆசையால் வந்தது. "ஸ்டீல் ஷாங்கிலேயே நேரா வெச்சிருங்க, நடுவுல கார்பைடு எதுக்குங்க வீண் செலவு?" என்று அவர் கேட்டதற்கு இணங்கி, நான்கில் இரண்டை, டூலின் தண்டான எஃகு ஷாங்கின் மேலேயே பற்றவைத்தேன். பற்றாசு அருமையாகப் பரவியிருந்தது. குழிந்த விளிம்பு மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிபோல மின்னியது. ஆனால் இரண்டிலும் மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. தீட்டும் கல்லில் தொட்டவுடன் ஒன்றில் மூலையே பெயர்ந்து போனது.

பற்றாசு உறைந்த 780 டிகிரியிலிருந்து அறை வெப்பம் வரை இறங்கும்போது யார் எவ்வளவு சுருங்குகிறார்கள் என்பதுதான் இங்கே கணக்கு. அந்த வீச்சில் வைரத்தின் சராசரி விரிவு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3 பங்குக்கும் குறைவு. டங்ஸ்டன் கார்பைடு 5 பங்கை ஒட்டி. எஃகு 12, 13 பங்கு. 3 மில்லிமீட்டர் நீளத்தில், கார்பைடு வைரத்தைவிட 5 மைக்ரான் அளவு கூடுதலாகச் சுருங்கும். எஃகு 20 மைக்ரானுக்கு மேல். வெள்ளியும் செம்பும் மென்மையானவை என்பதால் 5 மைக்ரானை அந்த மெல்லிய பற்றாசு அடுக்கு தாங்கிக்கொள்கிறது. 20 மைக்ரானைத் தாங்காது. மிச்சமெல்லாம் வைரத்தின் தலையில் விழுகிறது. கடினம் என்பது வேறு, வளைந்துகொடுப்பது என்பது வேறு. கார்பைடு நடுத்தட்டுக்கு ஆகும் செலவைப் பட்டறைக்காரர் பிறகு கேள்வி கேட்கவில்லை. விரிசல் விட்ட வில்லையை அவர் கையிலேயே கொடுத்து லென்ஸில் பார்க்கச் சொன்னேன்.

மூன்றாம் சுற்றை விளக்கமாகவே எழுதிவைக்கிறேன். லேசர் வெட்டிய விளிம்பில் வைரம் கருகிப் புகைபோலப் படிந்திருக்கும். டைட்டானியம் அந்தக் கரியைப் பிடித்துக்கொண்டால், விளிம்பில் இருப்பது புகைமேல் கட்டிய வீடு. அமிலத்தில் கொதிக்கவைத்து அந்தக் கருக்கலை நீக்கும் வேலையைப் பட்டறையில் நான் செய்வதில்லை. அப்படிச் சுத்தம் செய்த வில்லைகளாகவே கேட்டு வாங்குகிறேன். கார்பைடு துண்டுகளின் குழியைப் புதிதாக அரைத்து, அதே மணி நேரத்துக்குள் கழுவி, கையுறையோடு அடுக்கினேன். வெப்பம் அளக்கும் தெர்மோகப்புளை ஹீட்டருக்கு அருகிலிருந்து எடுத்து, துண்டுகள் அமர்ந்த தட்டின் துளைக்குள்ளேயே நுழைத்தேன். ஏறும்போது இரண்டு இடங்களுக்கும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்ததைப் பார்த்தபோது, முந்தைய சுற்றுகளில் 840 என்று நான் எழுதிவைத்தது என்னவாக இருந்தது என்ற கேள்வி எழாமல் இல்லை.

நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 450 வரை ஏற்றி, ஈரமும் மிச்ச அழுக்கும் வெளியேறி அழுத்தம் மறுபடி இறங்கும் வரை 15 நிமிடம் காத்திருந்தேன். பிறகு 750க்கு ஏற்றி 20 நிமிடம் நிறுத்தினேன். 780இல் உருகத் தொடங்கும் பற்றாசுக்குக் கீழே நின்றுகொண்டு, எல்லாத் துண்டுகளும் ஒரே வெப்பத்துக்கு வரட்டும் என்பதற்காக. அங்கிருந்து வேகமாக 840க்குப் போய் 5 நிமிடம் மட்டும் நிறுத்தினேன். கூடுதலாக நிறுத்தினால் கார்பைடு படலம் தடித்து நொறுங்கும் தன்மை பெறும், வெள்ளியும் வெற்றிடத்தில் சிறிது ஆவியாகி ஹீட்டர் மறைப்பில் படியும். இறக்கத்தில் அவசரம் காட்டவில்லை. 400 டிகிரிக்குக் கீழே வந்தபின் ஆர்கான் விட்டு, 80க்குக் கீழே கதவைத் திறந்தேன். முதலில் பார்த்தது வில்லைகளை அல்ல, டைட்டானியம் சுருள்களை. போட்டபோது இருந்த அதே வெள்ளி நிறத்தில் இருந்தன.

ஏழு துண்டுகளில் ஒன்றைப் பலிகொடுப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். நெம்புகோலில் எடை தொங்கவிட்டு வில்லையைப் பக்கவாட்டில் தள்ளினேன். 25 கிலோ விசை வரை அசையவில்லை. ஏறத்தாழ 4 சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு இது சதுர மில்லிமீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல். அதற்கு மேல் தள்ள நெம்புகோலின் ஆணி இடம் கொடுக்கவில்லை. கார்பனைக் கடையும் விசைக்கு இது தாராளம்.

மீதி ஆறையும் எஃகு ஷாங்கில் பொருத்துவது காற்றிலேயே நடந்தது. வெள்ளி 56 சதவீதமும் செம்பு, துத்தநாகம், வெள்ளீயமும் கொண்ட சாதாரணப் பற்றாசு 655 டிகிரியில் முழுதும் உருகிவிடும். முதல் இணைப்பு இளகுவதற்கு அதற்கு மேலும் 100 டிகிரிக்கு மேல் வேண்டும். காயிலைக் கார்பைடின் பக்கம் தள்ளிவைத்து, வில்லையின் மேல் ஃபிளக்ஸைத் தடித்துப் பூசி, சில வினாடிகளில் முடித்தேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. துத்தநாகமோ காட்மியமோ உள்ள பற்றாசு ஒட்டியிருக்கும் எதையும் வெற்றிட உலைக்குள் கொண்டுபோனால், அவை ஆவியாகி ஹீட்டர் மறைப்பு, பீங்கான் தாங்கி, பம்பு எண்ணெய் என்று எல்லாவற்றிலும் படிந்து, உலையையே கெடுத்துவிடும். பட்டறைக்காரர் கொடுத்த பழைய ஷாங்குகளின் குழியில் பழைய மஞ்சள் பற்றாசு மிச்சம் இருந்தது; இரண்டாம் சுற்றில் அவற்றை ஏற்றாமல் புதிய எஃகு அறுத்தது, அந்தச் சுற்றில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

முனைகளை மெல்லிய வைரக் கல்லில் தீட்டி, நூறு மடங்கு பெருக்கத்தில் விளிம்பைப் பார்த்துக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது முதல் டூல் இன்னும் மெஷினிலேயே இருந்தது. முனை தேய்வதற்கேற்ப மெஷினில் செய்யும் திருத்தங்களைக் குறிக்கும் ஆஃப்செட் நோட்டில் அந்த மூன்று வாரத்துக்கு இரண்டே வரிகள். உலையின் பக்கத்திலும் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் 10 நிமிடம் வால்வை மூடி, ஏற்றம் எவ்வளவு என்று எழுதாமல் சுவிட்சைப் போடுவதில்லை.

அடுத்ததாக அதே வளையத்தில் குறுகிய பள்ளம் வெட்ட 1 மில்லிமீட்டர் அகல முனை கேட்டிருக்கிறார். ஒட்டும் பரப்பு மிகக் குறைவு. 50 மைக்ரான் தகடு வைத்தால் பற்றாசு பிதுங்கி வெட்டும் முகத்தின் மேலேயே ஏறிவிடுகிறது. 25 மைக்ரான் தகடு சொல்லிவைத்திருக்கிறேன். டைட்டானியமும் அதோடு பாதியாகிவிடும் என்பதால், புதிய ஓ-ரிங்கை இன்னொருமுறை அசிட்டோன் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதை ஏற்றுவேன்.